குட்டிப் பெட்டியின் குரல்

போன ஆவணியில் ஒரு பகல் பொழுது, சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற பஸ் பெரம்பலூரைத் தொடுவதற்கு முன்பே களைத்துப்போய் சாலையோரமாக நின்றுவிட்டது. நான் ஜன்னலோரத்தில் இருந்தேன். முதலில் கறகறவென்று ஒரு அரைப்பு, பிறகு ஒரு விக்கல், பிறகு ஒன்றுமே இல்லை. டிரைவர் இறங்கி அடியில் எட்டிப் பார்த்தார். கண்டக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் அந்த வாசனை ஏறி வந்தது.

சூடேறிய கியர் ஆயிலின் வாசனை. உங்களுக்குப் பழக்கம் இருக்காது. அழுகின வெங்காயம் கொஞ்சம், உரசின தீக்குச்சி கொஞ்சம், அதற்கு மேல் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்ளும் ஒரு இனிப்பு. பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் இறங்கிப்போய், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், பூக்கடை முன்னால் நிற்கிறவனைப் போல நின்றேன். வெற்றிலை போட்டிருந்த ஒரு அம்மாள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "அங்க என்னத்தங்க மோந்து பாக்குறீங்க, கறிக்கொழம்பா வெக்கிறாங்க?" என்று கேட்டாள். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே முகத்தை வயற்காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டேன், ஏனென்றால் கண் வேறு வேலை பார்க்க ஆரம்பித்திருந்தது.

நான் நிலாவைப் பற்றி எழுதுகிறவன் என்று நம்புகிற சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாதது, என் இருபதுகள் முழுக்க என் நகக்கண்ணில் இருந்தது இந்த எண்ணெய்தான் என்பது. சீயக்காய், மண்ணெண்ணெய், சாம்பல் எது போட்டுத் தேய்த்தாலும் போகாது. கல்யாணமான புதிதில் என் மனைவி, மல்லிகைக்கு நடுவில் இது என்ன வாடை என்று தலையணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். அப்போது நான் அந்த வேலையை விட்டு வருடக்கணக்காகியிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். பெரம்பலூரில் அரியலூர் ரோட்டில் எங்கள் வீடு. எங்கள் வீடு என்றால் அக்காவும் மச்சானும் இருந்த வீடு. அப்பா அம்மா போன பிறகு நானும் அதற்குள் இருந்தேன். வீட்டுக்குப் பக்கவாட்டில் கடலை காயப்போடுகிற ஒரு களம். அந்தக் களத்தில் நின்றது எங்கள் வண்டி, பட்டாளத்தில் கழித்துக்கட்டி ஏலம் விட்ட ஒரு லாரி. பச்சைப் பெயிண்ட் பாதி உதிர்ந்து, முகம் தட்டையாக, கோபித்துக்கொண்ட ஹெட்மாஸ்டர் போல இருக்கும். கதவில் பட்டாளத்து நம்பர் மங்கலாகத் தெரியும். அதை அழிக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அழிக்காமல் விட்டதால் செக்போஸ்டில் ஒரு சல்யூட் கிடைக்கும் என்று எனக்கு ஒரு கனவு. ஒருநாளும் கிடைத்ததில்லை.

அந்த வண்டியின் பெருமை அதன் முன்சக்கரங்கள். மற்ற லாரிகளில் பின்சக்கரம் தள்ளும், முன்சக்கரம் சும்மா உருளும். எங்கள் வண்டியில் முன்னதும் இழுக்கும். அதற்கென்று கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி உண்டு. குட்டிப் பெட்டி என்போம். இன்ஜினின் பலத்தை வாங்கி, பின்னாலும் முன்னாலும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நீளமான கியர் கம்பியை ஒட்டி ஒரு குட்டைக் கம்பி நிற்கும். அதை முன்னால் தள்ளினால் முன்சக்கரங்கள் விழித்துக்கொள்ளும். தள்ளாதபோதும் குட்டிப் பெட்டி சும்மா இருக்காது. உள்ளே பல்சக்கரங்கள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், ஒரு முனகலோடு. எங்கள் வண்டியின் முனகல் ஒரு தினுசு. தொடங்கும்போது பசிக்கிற பிள்ளை போல மெல்லிசாக இருக்கும், வேகம் ஏற ஏற நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிபார்ப்பதுபோல் ஏறிப்போய், ஒரு இடத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும், மறுபடி ஏறும். அந்தத் தொண்டைக்கட்டை வைத்தே நான் கண்ணை மூடிக்கொண்டு வேகம் சொல்வேன். அக்காவின் பெரிய பெண், அப்போதுதான் பேச ஆரம்பித்தவள், நாங்கள் ஊர் எல்லையில் வரும்போதே "மாமா வண்டி" என்று சொல்லிவிடுவாளாம்.

மாமா வண்டி. ஊரில் அதன் பெயர் வேறு. தம்பி வண்டி.

இதைச் சொல்லியாக வேண்டும். வண்டி வாங்கியது என் பங்கு நிலத்தை விற்று. மச்சானுக்கு வண்டி ஓட்டத் தெரியும், பிரித்து மாட்டத் தெரியும், எவனிடம் எப்படிப் பேசினால் வேலை கிடைக்கும் என்று தெரியும். என்னிடம் இருந்தது நிலம் மட்டும். அதனால் நாங்கள் சமபங்குக்காரர்கள் என்று நான் நினைத்தேன். ஊர் அப்படி நினைக்கவில்லை. மச்சான் தண்ணீர்ப் பந்தலில் நின்றால்கூட, "இவருதான் தம்பி வண்டி டிரைவரு" என்று அறிமுகப்படுத்துவார்கள். அக்கா புதுச்சேலை கட்டினால், "தம்பி வண்டி நல்லா ஓடுது போல" என்பார்கள். அக்கா சிரித்துவிட்டு உள்ளே போவாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது. மடையன் காது.

மச்சான் பெயர் செல்வராசு. நெட்டையாக, நடக்கும்போது ஒரு தோள் சாய்ந்து இருப்பார். எதைச் சொன்னாலும் "மத்தத நான் பாத்துக்குறேன் மாப்ள" என்று முடிப்பார். எனக்கு அந்த வார்த்தை அவ்வளவு பிடிக்கும். அப்பா இல்லாத வீட்டில் யாராவது ஒருவர் அப்படிச் சொல்ல வேண்டும், இல்லையா?

எங்கள் பக்கத்துக் கரிசலை மழையில் பார்த்திருக்கிறீர்களா? வெயிலில் பாளம் பாளமாக வெடித்து, பாவம் போல் கிடக்கும். ஒரு மழை விழட்டும், அல்வா. செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், மாட்டைப் பிடுங்கிக்கொள்ளும், வண்டியைக் கேட்கவே வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் ரோட்டை விட்டு இறங்கினால் எங்கள் லாரி மட்டும்தான் திரும்பி வரும். அப்படித்தான் நாங்கள் பிழைத்தோம். பருத்தி மூட்டை ஏற்றினோம். பிரசவத்துக்குப் பெண்களை ஏற்றினோம். ஒரு மாப்பிள்ளை டீசல் பேரலின் மேல் பட்டு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு உட்கார்ந்து, மாலை காற்றில் பறக்க, முகூர்த்தத்துக்குப் போனான். துபாயிலிருந்து வந்த லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவரின் மாமனார் வீடு மழையில் தீவாகிவிட, அவரையும் அவர் கொண்டுவந்த பெரிய டேப்ரிக்கார்டரையும் ஏற்றிக்கொண்டு போனோம். வழி முழுக்க அதை அவர் பிள்ளைபோல் மடியில் வைத்திருந்தார். நடுச்சேற்றில் அதைப் பாடவும் விட்டார். குட்டிப் பெட்டி ஒரு பக்கம் முனக, அது ஒரு பக்கம் பாட, தவளைகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன என்று மச்சான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அந்த வருடம் புரட்டாசியில் பெரிய பெட்டி, அதாவது கியர் பெட்டி, உடைந்தது. ஓவர்லோடு. மேடு ஏறும்போது உள்ளே பாத்திரக்கடை சரிந்ததுபோல ஒரு சத்தம். கழற்றிய எண்ணெயில் உடைந்த பற்கள் மினுமினுத்தன. நல்லவேளை குட்டிப் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதை ஏன் நல்லவேளை என்கிறேன் என்றால், அந்தச் சமயம்தான் எங்களுக்கு ஒரு பெரிய வேலை வாசல் வரை வந்து நின்றிருந்தது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற ஒரு கல்லுக்குழி. மழைக்காலத்தில் குழியில் ஊறுகிற தண்ணீரைப் பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பம்புக்கு டீசல் வேண்டும். ரோட்டிலிருந்து குழி வரை கரிசல். டீசல் கொண்டுபோகிற வண்டிக்கு மழை முடியும்வரை தினமும் வேலை, அடுத்த வருடமும் அந்த வண்டிக்கே. குழியின் சூப்பர்வைசர் நேர்மையான ஆள். வாயால் சொல்வதை நம்பமாட்டார். முதல் மழை விழுந்த மறுநாள் பேரலோடு குழி வரைக்கும் போய்த் திரும்பிக் காட்டுங்கள், வேலை உங்களுக்கு என்று சொல்லிவிட்டார். அந்த வேலை கிடைத்தால் நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம், தனியாக ஒரு கூரை போட்டுக்கொள்ளலாம். ஒரு கவிதைப் புத்தகம்கூடப் போடலாம் என்று நினைத்திருந்தேன், வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன்.

வேறு கியர் பெட்டி ஒன்று தேடினோம். லப்பைக்குடிக்காட்டில் யாகூப் பாய் என்று ஒரு பழைய இரும்பு வியாபாரி. பட்டாள ஏலத்துச் சாமான் எது வேண்டுமானாலும் அவரிடம் போகலாம். எங்கள் வண்டிக்கான பெட்டியையே வைத்திருந்தார். தர்பூசணியைத் தட்டுவதுபோல் விரலால் தட்டிக் காட்டினார். "இன்ஷா அல்லா, உங்க பேரன் ஓட்டுவான்" என்றார். எனக்கு இன்னும் பொண்ணே பார்க்கவில்லை என்றேன். பெட்டி பொறுமையாக இருக்கும் தம்பி என்றார். விலை பேசி வாங்கி வந்தோம்.

பட்டறைக்குக் கொண்டுபோகாமல் வீட்டுக் களத்திலேயே வேலையை வைத்துக்கொண்டோம். லாரியின் கதவுகளைக் கழற்றி, உள்ளே தரைத்தகட்டைத் தூக்கி, ஒரு தண்டவாளத் துண்டை இந்தக் கதவு வழியாக விட்டு அந்தக் கதவு வழியாக எடுத்து, இரண்டு பக்கமும் கட்டை அடுக்கி நிறுத்தினோம். அதில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டுப் பெட்டியைக் கட்டி இறக்க வேண்டும். சங்கிலி பாதி எடையைத்தான் நம்பிக்கையாகத் தாங்கும். மீதியை அடியில் படுத்திருக்கிறவன் நெஞ்சில் வாங்க வேண்டும். கோணிச்சாக்கை நாலாக மடித்து நெஞ்சில் போட்டுக்கொண்டு நான் படுத்தேன். மேலே சங்கிலி மச்சான் கையில். "உடட்டா?" என்பார். "உடுங்க" என்பேன். ஒரு கண்ணி இறங்கும். பெட்டியின் குளிர்ந்த அடிவயிறு என் நெஞ்சைத் தொடும்போது, எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கழுத்தில் விழும். மூச்சை அடக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தால், தரை ஓட்டை வழியாக மச்சானின் முகமும், அதற்கு மேல் கொஞ்சம் வானமும் தெரியும். ஒரு மனுசனை அதைவிட அதிகமாக நம்புகிற நிலை இருக்கிறதா என்று தெரியவில்லை. படுத்துக்கொண்டு, நெஞ்சைக் கொடுத்து, இன்னும் இறக்குங்கள் என்று சொல்கிற நிலை.

பெரியது, குட்டி, இரண்டையும் இறக்கிக் களத்தில் வைத்தோம். எண்ணெய் வாடை வீட்டுக்குள் குடிவந்தது. ரசத்தில் அடித்தது. அக்கா, "இந்த வூட்ல இனிமே தாளிக்க எண்ணெ வாங்க வேணாம்" என்று அலுத்துக்கொண்டாள். அக்காவின் பெரிய பெண்ணுக்குக் குட்டிப் பெட்டியின் மேல் குதிரைபோல் உட்கார்ந்துகொள்ளப் பிடித்துப்போயிற்று. அவளை இறக்கிவிட முடியாமல் பழைய இரும்பு வியாபாரிக்கே கட்டிக்கொடுத்துவிடலாம் என்று கேலி பேசினோம்.

மாட்டுகிற வேலை தொடங்குகிற நாளில் மச்சான், எண்ணெய் ஒழுகாமல் பிடிக்கிற ரப்பர் வளையங்கள் மெட்ராஸிலிருந்து பார்சலில் வருகிறது என்றார். பெரம்பலூருக்கு ஏது ரயில்? அரியலூர் ஸ்டேஷனுக்குத்தான் வரும். நீயே போய் வாங்கி வந்துவிடு, அது இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட முறுக்க முடியாது, கையில் வாங்காமல் திரும்பாதே என்றார். அக்கா சோறு கட்டிக் கொடுத்தாள். நான் போனேன்.

அரியலூர் ஸ்டேஷனில் பார்சல் கிளார்க் ஒவ்வொரு ரயில் வந்து போனபின்னும் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அன்றைக்கு வரவில்லை. ஊரில் சொந்தக்காரர் வீட்டில் படுத்தேன். மறுநாளும் வரவில்லை. கிளார்க்குக்கு என்மேல் பரிதாபம் வந்து, சீட்டு இருக்கிறதா, யார் அனுப்பினார்கள் என்று கேட்டார். என்னிடம் எதுவுமே இல்லை. "பார்சல் போட்டாங்களான்னே தெரியாமத்தான் காத்துக்கெடக்குறியா?" என்றார். இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு தண்டவாளத்தைப் பற்றி நான் நாலு வரி எழுதினேன். நல்ல வரிகள் என்று அப்போது தோன்றியது.

மத்தியானத்துக்கு மேல் வெறுங்கையோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தால், களத்தில் வண்டி முழுசாக நிற்கிறது. கதவுகள் மாட்டியாகிவிட்டது, தரைத்தகடு முறுக்கியாகிவிட்டது, நெற்றியில் சந்தனம், முகப்பில் சாமந்தி மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். வளையம் உள்ளூரிலேயே கிடைத்துவிட்டது, கூட ரெண்டு ஆளை வைத்து வேலையை முடித்துவிட்டோம், நல்ல நேரம் என்று பூசையும் போட்டாயிற்று என்றார் மச்சான். எனக்கு ஒரே சந்தோஷம். அடியில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சாக்கை எடுத்தேன். மச்சான் கையைப் பிடித்துக்கொண்டார். "பூச போட்ட வண்டி மாப்ள."

எங்கள் பக்கத்து லாரிக்காரர்களிடம் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. பெரிய வேலை முடிந்து பூசை போட்ட வண்டிக்கு அடியில், முதல் லோடு இறக்கும்வரை யாரும் படுக்கக்கூடாது. படுத்தால் வண்டி ஆளைக் கேட்கும் என்பார்கள். நான் அந்தக் காலத்தில் பகுத்தறிவுக்காரன். கையெழுத்துப் பத்திரிகையில் சாமியை வாரத்துக்கொரு தரம் திட்டுகிறவன். ஆனால் சாக்கை மடித்து வைத்துவிட்டேன். வழக்கத்தை நம்பி இல்லை, மச்சானின் கையை நம்பி. அந்த வண்டிக்கு அடியில் பட்டாளத்துக்காரன் போட்ட கவசத்தகடு வேறு. படுத்தால் ஒழிய, குனிந்தால் எதுவும் தெரியாது.

ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். வண்டி சத்தமே இல்லாமல் போயிற்று. குட்டிப் பெட்டியின் முனகல் இல்லை. என்ன மச்சான் இவ்வளவு அமைதி என்றேன். எல்லாத்தையும் கழுவி, புது எண்ணெய் ஊற்றி, இறுக்கிக் கட்டினால் அப்படித்தான் இருக்கும் என்றார். நான் அவரைப் பாராட்டினேன். கேட்டுக்கொள்ளுங்கள், நண்பரே, பாராட்டினேன். குட்டைக் கம்பியைத் தார்ரோட்டில் தள்ளக்கூடாது, சக்கரம் வீணாகும். அதனால் தள்ளவில்லை.

ஐப்பசியில் முதல் மழை விழுந்தது. மச்சானுக்குத் துறையூரில் ஒரு சாவு வீடு என்றார். மத்தத நீ பாத்துக்க மாப்ள என்றார், அதிசயமாக. நான் டீசல் பேரல்களை ஏற்றிக்கொண்டு தனியாகப் போனேன். கல்லுக்குழிக்குப் போகிற தடத்தில், வேலை இல்லாத மழைநாள் என்பதால், ஆணும் பெண்ணுமாக ஆட்கள் முக்காடு போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். சூப்பர்வைசர் குடையோடு மேட்டில்.

கரிசலில் இறங்கினேன். கொஞ்ச தூரம் போயிற்று. பின்சக்கரம் வழுக்கத் தொடங்கியது. இந்த இடத்துக்காகத்தான் இந்த வண்டி என்ற கர்வத்தோடு குட்டைக் கம்பியை முன்னால் தள்ளினேன்.

அது போயிற்று. அவ்வளவு லேசாக அது ஒருநாளும் போனதில்லை. பல் கடிக்கிற உணர்ச்சி இல்லை, எதிர்ப்பு இல்லை, வெண்ணெயில் விரல் விட்டதுபோல் போய், கையை எடுத்ததும் தானாகவே திரும்பி வந்து நின்றது. மறுபடி தள்ளினேன். மறுபடி வந்தது. ஒரு ஸ்பிரிங்கின் முனையில், எதோடும் சேராமல், ஒரு கம்பி. வண்டி பின்பக்கமாக உட்கார்ந்துகொண்டே போய், அச்சு மண்ணில் பட்டு நின்றது. "நாலு கால்ல நடக்குற வண்டின்னாங்க, குந்திக்கிச்சே" என்றாள் ஒருத்தி. மாட்டைப் பூட்டுங்கப்பா என்றான் இன்னொருவன்.

நான் கம்பியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அப்போது கேட்டது.

தூரத்தில், குழியின் அந்தப் பக்கத்திலிருந்து, பசிக்கிற பிள்ளை போல மெல்லிசாக. பிறகு ஏறியது. ஏறி ஏறி, ஒரு இடத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. மறுபடி ஏறியது.

எங்கள் லாரியின் ஜாதியைச் சேர்ந்த இன்னொரு பட்டாள லாரி கரிசலை உழுதுகொண்டு வந்தது. முன்சக்கரங்கள் சேற்றை அள்ளி இரண்டு பக்கமும் எறிந்தன. அந்த வண்டி எனக்குத் தெரியும். ஒரு கல்லு கான்ட்ராக்டருடையது, பெட்டிகள் இரண்டும் செத்து இரண்டு வருடமாக அவர் கொட்டகையில் கிடந்தது. இப்போது அதன் வயிற்றிலிருந்து என் வண்டி பேசிக்கொண்டு வந்தது. ஓட்டி வந்தது மச்சான்.

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. வடத்தை எடுத்து என் வண்டியின் கொக்கியில் கட்டினார். நன்றாக, நிதானமாக, எனக்கு அவர் சொல்லிக் கொடுத்த அதே முடிச்சில். பிறகு கதவுப் பக்கம் வந்து, "ஸ்டியரிங்க ஒடிக்காம நேரா புடி மாப்ள. மத்தத நான் பாத்துக்குறேன்" என்றார்.

நான் நேராகப் பிடித்தேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். ஊர் பார்க்க, என் சொந்தப் பெட்டி என்னைச் சேற்றிலிருந்து இழுத்துப்போய் ரோட்டில் விட்டது. பேரல்களை அவர் வண்டிக்கு மாற்றினார்கள். சூப்பர்வைசர் குடையை மடக்கிக்கொண்டு தலையசைத்தார். அவருக்கு வேண்டியது காட்டப்பட்டுவிட்டது.

எல்லோரும் போனபிறகு ரோட்டோரத்திலேயே வண்டிக்கு அடியில் படுத்தேன். லோடு இறக்கியாகிவிட்டதல்லவா, இனிப் படுக்கலாம். யாகூப் பாயிடம் வாங்கியது அல்ல, ஏதோ சாதாரண லாரியின் பழைய கியர் பெட்டி. குட்டிப் பெட்டி இருந்த இடம் காலி. அதிலிருந்து ஒரே நீளக் கம்பியாகப் பின்சக்கரத்துக்கு. முன்அச்சுக்குப் போக வேண்டிய கம்பி இல்லை. அது சேருகிற இடத்தில் துருப்பிடிக்காமல் இருக்கக் கிரீஸ் தடவி, பழைய சேலைத்துணியைச் சுற்றி, அழகாகக் கட்டி வைத்திருந்தார் மச்சான். அந்த அக்கறைதான் என்னை உடைத்தது. அக்காவின் நீலச் சேலை. சேலைத்துணி எல்லா வண்டிவேலைக்கும் எடுக்கிறதுதான், அதை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனால் அங்கே படுத்துக்கொண்டு, மழைத்தண்ணீர் முதுகில் ஓட, எனக்கு அரியலூருக்குக் கட்டிக்கொடுத்த சோறு ஞாபகம் வந்தது. அது புளிச்சோறு. அரியலூர் எவ்வளவு தூரம்? காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவனுக்கு எங்கள் வீட்டில் மோர்ச்சோறுதான் கட்டுவார்கள். மறுநாளும் கெடாமல் இருக்கட்டும் என்று நினைக்கிற ஆளுக்குத்தான் புளிச்சோறு.

வீட்டில் மச்சான் எதையும் மறைக்கவில்லை. கான்ட்ராக்டர் தன்னைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார் என்றார். கூலிக்கு இல்லை, பங்குக்கு, இனி அவரை யாரும் தம்பி வண்டி டிரைவர் என்று சொல்ல முடியாது. அவரிடம் வண்டி இருந்தது, பெட்டி இல்லை. பெட்டி கொண்டுவந்தால் பங்கு என்றாராம். பிறகு, உண்மையிலேயே எனக்குப் புரியவைக்க விரும்புகிறவர் போல, "வண்டி உனக்கு, பெட்டி எனக்கு. தார்ரோட்டுல அது பாட்டுக்கு ஓடும். இதுல உனக்கு என்ன கொறஞ்சுபோச்சு?" என்றார். அக்கா அடுப்படி நிலையில் நின்று துடைத்த பாத்திரத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் பாத்திரத்தைப் பார்த்தாள். சாவியை மாடத்தில் வைத்துவிட்டு, திருச்சியில் வேலை தேடிக்கொள்கிறேன் என்று சொன்னேன். தார்ரோட்டில் ஓட ஊரில் லாரிக்கா பஞ்சம்?

இப்போது அந்தத் தடமெல்லாம் தார். மழையில் இறங்கிப் பார்க்கலாம் என்றால் கரிசலே கண்ணில் படுவதில்லை, சிமெண்ட் லாரிகள் வரிசையாகப் போகின்றன. அந்தக் கல்லுக்குழி மூடிப்போய், பச்சைத் தண்ணீர் தேங்கி, மீன்கொத்தி உட்காரும் இடமாகிவிட்டது. மச்சானின் பங்கு சில மழைக்காலம் நீடித்தது, பெண்களுக்குக் கல்யாணம் செய்துவைக்கிற அளவுக்கு. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். யாகூப் பாயின் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். என் வண்டி களத்திலேயே நின்று, டயர் மட்கி, ஒரு நாள் எடைக்குப் போயிற்று என்று கேள்விப்பட்டேன். களத்தில் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அன்று பஸ் நின்ற இடத்திலிருந்து நடந்தே போய்ப் பார்த்திருக்கலாம். வேறு பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். அக்காவை விசேஷ வீடுகளில் பார்க்கிறேன். சுகர் எப்படி இருக்கிறது, பேரன் என்ன படிக்கிறான். அவற்றைப் பேச்சு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் பேசியது கடைசியாகப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில்தான்.

நான் கிளம்பிய காலையில் அவள் பின்னாலேயே வந்துவிட்டாள், இளைய பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பில்லாமல். திருச்சி பஸ்ஸில் நான் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "அவரு மேல ஒண்ணும் வெச்சுக்காத" என்றாள். "பெட்டிய எடுத்துக் குடுக்கலாம்னு சொன்னதே நான்தான். அவருக்கு அதெல்லாம் தோணவே இல்ல."

டிரைவர் ஏறி இன்ஜினைப் போட்டார். கம்பி அவள் கைக்குள் நடுங்கியது. கடைசியில் சின்னப்பிள்ளை மாதிரி இதைத்தான் கேட்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேக்கா?"

பஸ் நகர்ந்தது. அவள் இரண்டடி கூடவே நடந்தாள்.

"குடுத்திருப்படா. அதான் கேக்கல."